கிற்றாருக்குள் பிக்அப் வேண்டுமா?

மல்லாவி

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மடுவில் ஆவணித் திருவிழாவுக்கு வருகிறாய் என்றதும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோசம். அம்மா இப்போதே உனக்கு விரால் கறி வைப்பதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டா. சிறுபோகம் ஒருமாதிரிப் போகிறது. வவுனிக்குளத்தில் தண்ணீர் இருக்குமட்டும் கவலையில்லை.

சரி, கிற்றார் விசயம். பாடகர் குழுப் பிள்ளைகளுக்கு ஒன்று கொண்டுவரப் போகிறாய், உள்ளேயே பிக்அப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிற சாமான்) பூட்டினதா, வெறும் கிற்றாரா என்று கேட்டிருந்தாய். பூட்டினதைத்தான் எடுக்க நினைக்கிறாய் என்று எழுத்திலேயே தெரிகிறது. எனக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை.

தேவை இல்லை என்று சொல்லமாட்டேன். இப்போது ஞாயிறு பூசையில் ஒரு மைக்கைத் தண்டோடு பதித்துக் கிற்றாரின் ஓட்டைக்கு நேரே வைக்கிறோம். வாசிக்கிற பெடியன் பாட்டில் உருகிக் கொஞ்சம் சரிந்தால் சத்தம் காணாமல் போய்விடும். மைக்கோடு ஒட்டினால் ஸ்பீக்கர் பெட்டி ஊளையிடும், முன்வாங்கில் இருக்கிற ஆச்சிமார் நிமிர்ந்து பார்ப்பார்கள். பிக்அப் இருந்தால் இந்தத் தொல்லையில் பாதி தீரும். பாதிதான். ஸ்பீக்கர் சத்தம் கிற்றாரின் பலகையை அதிரவைக்க, அந்த அதிர்வைப் பிக்அப் திரும்ப எடுத்து ஸ்பீக்கருக்கே அனுப்ப, ஊளை அப்போதும் வரலாம்.

கடைக் கிற்றார்களில் அநேகமாகப் பூட்டிவருவது, கம்பிகள் ஏறி நிற்கிற அந்த வெள்ளைச் சேடிலுக்குக் கீழே ஒரு பியெசோ பட்டி. கம்பி சேடிலை அமத்துகிற அழுத்தம் கூடிக் குறைவதைத்தான் அது மின்சாரமாக்குகிறது. மரம் அதிர்ந்து காற்றில் வருகிற சத்தம் அதற்குத் தெரியாது. அதனால் ஓங்கி அடிக்கும்போது பிளாஸ்டிக் தட்டில் தட்டினமாதிரிக் கேட்கும். நேரே மிக்சரில் குத்தினால் சோகையாக இருக்கும் என்பதால் விலாப்பலகையில் சதுரமாக வெட்டி, அதைப் பெருக்கிக் கொடுக்கிற ஒரு பிரீஆம்ப் வைக்கிறார்கள், அதற்குப் பற்றரி, அநேகமாக 9 வோல்ட். வயரைக் குத்தினாலே பற்றரி ஓடத் தொடங்கிவிடும். எங்கடை பெடியள் பூசை முடிந்ததும் வயரைக் கழற்றாமல் சாப்பாட்டுக்கு ஓடுகிற ஆட்கள்! பற்றரியாவது மாற்றலாம். பிரீஆம்ப் பழுதானால் அதே வெட்டுக்குப் பொருந்துகிற இன்னொன்றுக்கு மல்லாவியில் நான் எங்கே போவேன்? கிடைக்காவிட்டால் விலாவில் ஒரு பொந்தோடு கிற்றார் கிடக்கும்.

இன்னொன்றும் யோசி. கிழமை நாட்களில் அவர்கள் பழகுவது கோயில் மாமரத்தடியில். அங்கே கரண்டும் இல்லை, பெட்டியும் இல்லை. பூசை நடுவில் கரண்ட் நின்றாலும் அதே கதைதான். அப்போதெல்லாம் மரம் நல்லதாக இருந்தால்தான் பாட்டு நிற்கும்.

ஆகவே யமஹாவின் எஃப்ஜி800 என்கிற வெறும் கிற்றாரைப் பார். அதன் மேற்பலகை ஒட்டுப்பலகை இல்லை, ஒற்றை ஸ்புரூஸ் மரப்பலகை. எஃப்ஜிஎக்ஸ்800சி அதே குடும்பத்தில் பிக்அப்போடு வருவது, விலை கூட. அந்த மேலதிகக் காசில் ஓட்டைக்குள் இறுக்குகிற காந்தப் பிக்அப் ஒன்றை வாங்கலாம். பற்றரி தேவையில்லாத வகையும் இருக்கிறது. பலகை அதிர்வை அது குறைவாகவே எடுப்பதால் ஊளையும் குறையும். மரத்தை வெட்டும் வேலை இல்லை, பழுதானால் கழற்றிவிட்டு வேறொன்று போடலாம். குறையும் உண்டு. நைலோன் கம்பிக்கு அது வேலை செய்யாது. வெண்கலம் சுற்றின கம்பியில் உள்ளே ஓடும் உருக்கு மட்டும்தான் காந்தத்துக்குப் படும் என்பதால், சுற்றில்லாத மெல்லிய இரண்டு கம்பிகளும் கொஞ்சம் துள்ளிக் கேட்கும். திருப்பலிப் பாட்டுக்கு அது பெரிய குறையில்லை. நீ மேடை மேடையாக வாசித்துத் திரிகிற ஆளுக்கு வாங்குகிறாய் என்றால், போட்டுக்கொண்டு ஏறுவதற்குப் பிக்அப் பூட்டினதே சுகம், நானே அதைத்தான் எடு என்பேன்.

ஒற்றைப் பலகையில் ஒரு பயம் இருக்கிறது. கச்சான் காற்றில் காய்ந்து சுருங்கும், மாரியில் ஈரம் குடித்து உப்பும். ஆகவே துணிப்பை போதாது, வன்பெட்டியோடு கொண்டு வா. இங்கே வந்தபிறகு தகரக் கூரைக்குக் கீழே வைக்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

பொஸ்பர் புரோன்ஸ் கம்பி, 12-53 தடிப்பில், இரண்டு மூன்று செற்றும் வாங்கு. மாரி தொடங்கினால் இங்கே கம்பி துருப்பிடித்துப் பிள்ளைகளின் விரல்தான் கறுக்கிறது. டிக்கெட் போட்டதும் தேதியை எழுது, வவுனியா ஸ்டேசனுக்கு வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி