கற்குழியை மூடச் சொல்லவில்லை, வந்து பார்க்கச் சொல்கிறோம்

வன்னியில் கல்லுக்கும் கிரவலுக்கும் அனுமதிப்பத்திரம் வழங்கும் அதிகாரிகளுக்கும், தொல்பொருளுக்கும் வனவிலங்குக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கும்,

வணக்கம். பூநகரிப் பக்கத்துக் கற்குழி பற்றி ஆவணி மாதத்தில் நான் எழுதிய மூன்று கடிதங்களும் தங்கள் கோப்புகளில் இருப்பதால், நடந்தவற்றை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. அந்தக் குழியின் சுவரில் இருந்ததை மட்டும் சொல்கிறேன்.

வீட்டு அத்திவாரத்துக்கு இறக்கிய சுண்ணக்கல்லில் சிப்பி அச்சுகள் இருப்பதாகத் தரம் 10 மாணவி ஒருத்தி கொண்டுவந்து காட்டிய பின்புதான், அந்தக் கல் வெட்டப்பட்ட இடத்துக்குப் பிள்ளைகளோடு போனேன். சுவர் முழுக்கச் சிப்பிகள். அவற்றின் நடுவே தவிட்டு நிறத்தில், மூன்று விரல் தடிப்பில், வில்போல வளைந்த ஒரு தண்டு முக்கால் முழத்துக்கு வெளியே தெரிந்தது. அதன் உடைந்த முனையில் மச்சை இருந்ததற்கான துளை எதுவும் இல்லை. உள்வரை ஒரே திண்ணம். கடற்பசு இனத்தின் விலா எலும்புகள் அப்படித்தான் இருக்கும் என்று படித்திருக்கிறேன். ஆயினும் நான் விஞ்ஞான ஆசிரியன், நிபுணன் அல்லன். அதனால்தான் தெரிந்தவர் ஒருவரை அனுப்பிவைக்குமாறு கேட்டேன்.

மனிதர் செய்த பொருளாக இருந்தால் மட்டுமே தமக்குரியது என்று ஓர் அலுவலகமும், உயிரோடுள்ள விலங்குகள் மட்டுமே தமது பொறுப்பு என்று மற்றோர் அலுவலகமும் பதில் எழுதின. மூன்றாவது அலுவலகம், அனுமதிப்பத்திரம் செல்லுபடியாகும் என்பதை உறுதிப்படுத்தி அனுப்பியது; அதை நான் கேட்கவேயில்லை. பத்தொன்பதாம் நாள் திரும்பிப் போனபோது அந்தச் சுவரே இல்லை. ஒரு விலங்கு செத்து எத்தனை ஆண்டுகள் ஆனால் எந்த அலுவலகத்துக்குச் சேரும் என்பதைத் தாங்கள் கூடித் தீர்மானிப்பதற்குள், டிப்பர் அதைத் தீர்மானித்துவிட்டது.

யாழ்ப்பாணத்திலிருந்து மன்னார், புத்தளம் என மேற்குக் கரையோரமாகக் கிடக்கும் இந்தச் சுண்ணக்கல், 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்துபோன மயோசீன் காலத்தில் கடலடியில் படிந்தது என்பது தாங்கள் அறியாததன்று. இரத்தினபுரியின் மாணிக்கக் குழிகளில் கிடைத்த எலும்புகளையும் பற்களையும் தொல்லுயிர் ஆய்வாளர் பி. ஈ. பி. தெரணியகல பொறுக்கி ஆராய்ந்திராவிட்டால், நீர்யானையும் காண்டாமிருகமும் இந்தத் தீவில் வாழ்ந்தன என்று இன்று எந்தப் பாடநூலும் சொல்லியிராது. இலங்கைச் சிங்கத்துக்கு அவர் 1939 இல் பெயரிட்டது இரத்தினபுரிக்கு அருகே குருவிட்டயில் கிடைத்த இரண்டே இரண்டு பற்களை வைத்து. தேசியக் கொடியில் வாளேந்தி நிற்கும் விலங்கு இந்த மண்ணில் நடமாடியது என்பதற்கான சான்று அவ்வளவுதான். அந்தப் பற்கள் எங்கள் பக்கத்துக் குழியில் கிடந்திருந்தால் இந்நேரம் ஏதோ ஒரு வீதிக்கு அடியில் கிடந்திருக்கும். ஆகவே கேட்கிறேன்: அனுமதி கொடுக்கும் முன்பும், வெட்டுகிற காலத்தில் அவ்வப்போதும், உயிர்ச்சுவடு, அதாவது கல்லுக்குள் எஞ்சிய பழைய உயிர்களின் தடயம், பற்றித் தெரிந்த ஒருவரைக் குழிக்கு அனுப்புங்கள்.

வடபசுபிக்கில் ஸ்டெல்லர் கடற்பசுவை 1741 இல் கண்டார்கள். 1768 இல் அது இல்லை. இருபத்தேழே ஆண்டுகள். அதன் உறவான கடற்பசு மன்னார்க் கடலில் இன்னும் எஞ்சியிருக்கிறது. எதிர்க்கரையில் தமிழ்நாட்டு அரசு 2022 இல் பாக்கு விரிகுடாவின் 448 சதுர கிலோமீற்றரை அதற்கெனக் காப்பகமாக அறிவித்தது. இங்கே 2018 ஆனியில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஒரு சிறுத்தையை அடித்துக் கொன்று, உடலோடு படமும் எடுத்துக்கொண்டார்கள். அது பலரைக் காயப்படுத்தியது உண்மை. அடித்தவர்களின் அச்சமும் எனக்கு விளங்குகிறது. ஆனால் அற்றுப்போனவற்றின் எலும்பைக் கல்லோடு நொறுக்க விட்டுவிட்டு, இருப்பவற்றைக் காப்பாற்றும்படி வகுப்பறையில் நான் எந்த முகத்தோடு சொல்வது? பிள்ளைகள் அந்தச் சுவர் இருந்த இடத்தையும் பார்த்தவர்கள்.

கோபத்தில் கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்தருள்க. குழியை மூடும்படி நாங்கள் கேட்கவில்லை. அங்கே கல் உடைத்துப் பிழைப்பவர்களில் என் மாணவர்களின் தகப்பன்மாரும் இருக்கிறார்கள். நாங்கள் கேட்பது வந்து பார்க்கத் தெரிந்த ஓர் ஆளைத்தான். மாரி மழை தொடங்கினால் குழியில் தண்ணீர் நின்றுவிடும்; அதற்கு முன் வந்தால் தெற்குச் சுவரில் இன்னும் வெட்டாத பகுதியைக் காட்டலாம். அந்தத் தண்டிலிருந்து முன்பே உதிர்ந்து கிடந்த விரலளவுத் துண்டொன்று விஞ்ஞான அறை அலுமாரியில், பஞ்சு சுற்றி, சவர்க்காரப் பெட்டிக்குள் இருக்கிறது. பாடசாலை நாட்களில் காலை 7.30 முதல் திறப்பு என்னிடம்தான் இருக்கும்.

தங்கள் உண்மையுள்ள,
பூநகரிப் பக்கத்து விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்