களைப்பு அறிக்கைகளை எங்களுக்கும் காட்டுங்கள்

சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரக அதிகாரிகளுக்கு,

வணக்கம். ராத்திரி விமானங்களில் அடிக்கடி போய்வருகிற சாதாரணப் பயணி எழுதுகிறேன். களைத்துப்போன விமானிகள் தரும் களைப்பு அறிக்கைகளை வெளியிடச் சொல்லிக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

விமானிகளின் களைப்பைப் பற்றிப் பேச்சு வந்தாலே எனக்கு 2010 மே 22 மங்களூர் விபத்துதான் நினைவுக்கு வரும். துபாயிலிருந்து வந்த போயிங் 737, காலை ஆறு மணி கடந்த சற்று நேரத்தில் ஓடுதளத்தைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் போய்விட்டார்கள். காக்பிட் குரல் பதிவு 2 மணி 5 நிமிடம் ஓடுகிறது. அதில் முதல் 1 மணி 40 நிமிடம் விமானிகளிடையே பேச்சே இல்லை. இடையிடையே குறட்டையும் ஆழ்ந்த மூச்சும்தான். கேப்டன் விழித்த பிறகு பார்த்தால், விமானம் இருக்க வேண்டியதைவிட ரொம்ப உயரத்தில் இருக்கிறது. துணை விமானி மூன்று முறை ‘கோ அரவுண்ட்’, அதாவது இறங்காமல் திரும்ப மேலே எழும்புங்கள், என்கிறார். கேப்டன் கேட்கவில்லை. எட்டாயிரம் அடி ஓடுதளத்தில் சுமார் 5,200 அடி தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது.

அந்தக் கேப்டன் பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். அனுபவத்துக்கு ஒரு குறையும் இல்லை. நெடுந்தூக்கத்திலிருந்து எழுந்தவுடன் மூளை கொஞ்ச நேரம் மந்தமாகவே இருக்கும். அதுவும் உடல் தூக்கத்துக்கு ஏங்குகிற விடியற்காலை வேளை என்றால் கேட்கவே வேண்டாம். விசாரணை அறிக்கையும் இதைச் சொல்லியிருக்கிறது.

பறப்பதற்கு முன் விமானிகளை ஊதச் சொல்லிப் பார்க்கிறீர்கள். நல்லது. ஆனால் 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவருடையதற்குச் சமம் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்க ஊதுகிற கருவி கிடையாது. விமானி தானே வாய் திறந்து ‘எனக்கு முடியவில்லை’ என்று சொன்னால்தான் உண்டு.

விமானிகளின் பணி நேரம், ஓய்வு பற்றி 2024 ஜனவரியில் நீங்கள் கொண்டுவந்த விதிகள் நல்லவை. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 ஆனது. இரவு நேரத் தரையிறக்கம் ஆறிலிருந்து இரண்டானது. அப்புறம் அமலாக்கம் தள்ளிப்போய், நீதிமன்றம் தலையிட்டு, 2025இல் இரண்டு கட்டமாக வந்தது. டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் கொத்துக்கொத்தாக ரத்தானதும் அந்த விதிகளிலிருந்து அந்த நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை சில விலக்குகளைக் கொடுத்துவிட்டீர்கள். விமான நிலையத் தரையில் படுத்துக் கிடந்த ஜனங்களை நினைத்துக் கொடுத்திருப்பீர்கள், சரி. ஆனால் ஆள் சேர்க்கத் தவறியது நிறுவனம். விட்டுக்கொடுத்ததோ விமானியின் தூக்கம்!

அதே விதிகளில், விமானிகள் தரும் களைப்பு அறிக்கைகளை ஆராய்ந்து, எடுத்த நடவடிக்கையுடன் ஒவ்வொரு காலாண்டும் உங்களிடம் தர வேண்டும் என்று நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அவற்றை வெளியிடுங்கள். விமானியின் பெயர் வேண்டாம். எந்த நிறுவனம், எத்தனை அறிக்கை, எத்தனையை ஏற்றார்கள், எந்த வழித்தடத்தின் பணி அட்டவணையை மாற்றினார்கள் என்பது தெரிந்தால் போதும். எண்ணிக்கை பூஜ்யம் என்று ஒரு நிறுவனம் காட்டினால், அங்கே யாருக்கும் களைப்பில்லை என்று நான் நம்ப மாட்டேன். சொல்லப் பயப்படுகிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

அந்தப் பயம் போக, அமெரிக்காவில் 1976 முதல் நடப்பதைப் பாருங்கள். அங்கே விமானிகளின் ரகசிய அறிக்கைகளை வாங்குவது உரிமத்தைப் பறிக்கும் அதிகாரமுள்ள துறை அல்ல, நாசா. இங்கேயும் களைப்பு அறிக்கை நிறுவனத்துக்கும் உங்களுக்கும் வெளியே உள்ள ஓர் அமைப்புக்கு நேராகப் போகட்டும். அடுத்த காலாண்டு அறிக்கையிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு பயணி