காலிப் பாத்திரங்களை எடுத்துப்போன அக்காவுக்கும் சபையார் எல்லோருக்கும்

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கு,

ஸ்தோத்திரம். என் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இன்றோடு ஐந்து நாள். பக்கத்து அறையில் தூங்குகிறாள். நடுநடுவே எழுந்துபோய் மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். நடந்தது என்னவென்று உங்களுக்குத் தெரியும். சில நாட்களில் என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருந்தது. அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றியை மட்டும் இப்போதே எழுதிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் ஆராதனை முடிந்ததும் வாசலில் கை கொடுத்து "ரொம்ப நன்றி" என்பதோடு முடித்துக்கொள்வேன், என்னை எனக்குத் தெரியும்.

முதலில் பல பேருக்குச் சேர்த்துச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். விடியற்காலையில் ரத்தம் கொடுக்க வந்து நின்ற வாலிபர் சங்கத்துத் தம்பிகள், ஆளுக்கு ஒரு மணி நேரமாக இரவு முழுவதும் சங்கிலி ஜெபம் செய்தவர்கள், முறை போட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்தவர்கள், எங்கள் பிள்ளைகளைத் தங்கள் பிள்ளைகளோடு பள்ளிக்கு அனுப்பி வீட்டுப்பாடமும் எழுத வைத்தவர்கள், பெயர் எழுதாத உறை ஒன்றை என் வேதாகமத்துக்குள் வைத்துவிட்டுப் போனவர் (யாரென்று ஊகம் இருக்கிறது, கேட்க மாட்டேன்). உங்கள் எல்லோருக்கும் நன்றி. போதகரை உள்ளே ஐந்தே நிமிடம்தான் விட்டார்கள். அவர் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. 121ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசித்தார், எண்ணெய் பூசி ஜெபித்தார், என் தோளைப் பிடித்தபடியே வெளியே கூட்டி வந்தார். அது போதுமானதாக இருந்தது.

இனி பாத்திரங்கள்.

முதல் வாரம் எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்குக் குறையே இல்லை. நானும் இரண்டு பிள்ளைகளும் மட்டும் இருந்த வீட்டுக்கு ஒரே நாளில் ஐந்து வீட்டுச் சாப்பாடு வந்தது. பாதி நாள் நான் ஆஸ்பத்திரியில். வந்ததைச் சாப்பிட்டோம், மிஞ்சியதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம், பாத்திரத்தைக் கழுவியும் கழுவாமலும் அடுக்கி வைத்தோம். இரண்டாம் வாரம் முடிவதற்குள் சமையல் மேடையே கண்ணுக்குத் தெரியவில்லை. பெரியதும் சிறியதுமாகப் பாத்திரங்கள், டப்பாக்கள், இடம் மாறிப்போன மூடிகள். எது யார் வீட்டுடையது? என் மனைவியாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அவளோ அங்கே குழாய்களுக்கு நடுவில் கிடந்தாள். சொன்னால் சிரிப்பீர்கள், ஒரு ராத்திரி அந்த மேடைக்கு முன்னால் நின்று அழுதேன். டாக்டர் பேசும்போது வராத அழுகை, எதிலும் பொருந்தாத ஒரு மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது வந்தது.

நான்காம் வாரத்தில் வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். குறை சொல்லவில்லை. எல்லோருக்கும் வீடும் வேலையும் இருக்கிறது, அடுத்தவர் கஷ்டத்தில் நானும் நான்காம் வாரம்வரை போனவன் இல்லை. அப்போதுதான் ஒரு மாலை அந்த அக்கா வந்தார். பெயரைப் போட்டால் என்னோடு பேசமாட்டார். ஏற்கெனவே இரண்டு வருடம் பேசாமல் இருந்தவர்கள்தான் நாங்கள். சபைக் கமிட்டியில் ஒலிபெருக்கி விஷயமாக நான் விட்ட ஒரு வார்த்தை. தப்பு என்னுடையது; அதையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

வாசலில் நின்றபடியே, "தம்பி, காலிப் பாத்திரமெல்லாம் எங்கே வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்றும் சொல்லவில்லை. நல்ல மனசோடு சொல்கிற வார்த்தைதான் அது, நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதைக் கேட்கிற பக்கம் இருந்து பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. என்ன வேண்டும் என்று யோசிக்க வேண்டும், அதை யாரிடம் கேட்கலாம் என்று யோசிக்க வேண்டும், அப்புறம் கூச்சத்தை விட்டு வாயைத் திறக்க வேண்டும். தூக்கம் கெட்டவனுக்கு இதெல்லாம் பெரிய வேலை.

அக்கா எல்லாவற்றையும் திரும்பக் கழுவினார், துடைத்தார், மூடிக்கு ஏற்ற பாத்திரத்தைத் தேடிச் சேர்த்தார். "இது பாடகர் குழுவுல முன்னாடி நிக்கிறவங்க வீட்டுது, அடியில நசுங்கியிருக்கும் பாருங்க" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டே காகிதத்தில் பெயர் எழுதி ஒட்டினார். நான்கு நாள், நாளுக்கு இரண்டு பை. வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

அதைவிடப் பெரிய காரியம் ஒன்றை அவர் செய்தது எனக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது. ஒவ்வொரு வீட்டிலும் பாத்திரத்தோடு அன்றைய நிலவரத்தையும் சொல்லிவிட்டு, "அவரைக் கூப்பிடாதீங்க, கொஞ்சம் தூங்கட்டும். வெள்ளிக்கிழமை நானே வந்து சொல்றேன்" என்றிருக்கிறார். அந்த வாரம் என் போன் ஏன் திடீரென்று அடங்கிப்போனது என்று நான் குழம்பியதுண்டு. அதுவரை ஒரே செய்தியை நாளுக்கு முப்பது முறை சொல்லிக்கொண்டிருந்தேன். எதிர்முனையில் குரல் உடைகிறதே என்று ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நல்லதாக மாற்றிச் சொல்வேன். போனை வைத்ததும் உண்மை நிலவரம் எனக்கே குழம்பிவிடும்.

குழாயை எடுத்து என் மனைவிக்குக் குரல் வந்த அன்று, கரகரத்த தொண்டையோடு முதலில் கேட்டது, "பிள்ளைங்க சாப்பிட்டாங்களா?" இரண்டாவது, "பாத்திரமெல்லாம் திருப்பிக் கொடுத்தாச்சா?" "ஆச்சு" என்றேன். அத்தனை வாரத்தில் யார் என்ன கேட்டாலும் முழுசாக ஒரு பதில் சொல்ல முடிந்தது அந்த ஒரு கேள்விக்குத்தான்.

விசாரிப்பது என்ற சொல்லை இந்த நாட்களில் நிறைய யோசித்தேன். கேட்டுத் தெரிந்துகொள்வதும் விசாரிப்புதான், பொறுப்பெடுத்துப் பார்த்துக்கொள்வதும் விசாரிப்புதான். நம் வேதாகமத்தில் இரண்டாவது அர்த்தத்திலும் வருகிறது. அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் கிரேக்கரான விதவைகள் அன்றாட விசாரணையில் விடுபட்டுப்போகிறார்கள், முறுமுறுப்பு எழும்புகிறது, அதைச் சரிசெய்ய ஏழு பேரைத் தெரிந்தெடுக்கிறார்கள். அந்த ஏழு பேரில் ஒருவரான ஸ்தேவானை, விசுவாசத்துக்காக உயிரை விட்ட இரத்தசாட்சியாகவே நினைத்துப் பழகிவிட்டோம். அவருக்கு முதலில் கிடைத்த வேலை பந்தி விசாரணை, அதாவது சாப்பாடு எல்லோருக்கும் போய்ச் சேருகிறதா என்று பார்த்துக்கொள்வது. வியாதியாயிருந்தேன், விசாரிக்க வந்தீர்கள் என்று ஆண்டவர் சொல்லும் இடத்திலும் இதே சொல்தான். அக்கா நலம் விசாரிக்கவே இல்லை, ஆனால் எங்களை விசாரித்தார்.

பேசாமலும் இருந்தார், அதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஆஸ்பத்திரிக்கே வந்து, உங்கள் விசுவாசத்தில் எங்கேயோ குறை இருக்கிறது என்று சொன்னவர்களும் உண்டு. அவர்கள் மேல் இப்போது கோபம் இல்லை (கொஞ்சம் இருக்கிறது). வேதாகமத்தில், எல்லாவற்றையும் இழந்து வியாதியில் கிடந்த யோபுவின் சிநேகிதர்கள் மூன்று பேரும் ஏழு நாள் இரவும் பகலும் தரையில் கூடவே உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஏழு நாளும் நல்ல சிநேகிதர்கள்தான். வாயைத் திறந்த பிறகுதான் வம்பு.

இனிமேல் யார் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோனாலும் திருப்பித் தர வேண்டாத டப்பாவில்தான் கொண்டுபோவேன். சபையில் யாராவது படுத்தால், அன்றிலிருந்து நான்காம் வாரத்தை எண்ணி நாட்காட்டியில் குறித்து வைப்பேன். கமிட்டியிலும் இதைச் சொல்லப்போகிறேன், ஒலிபெருக்கி இல்லாமல்.

அக்கா, உங்களிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வந்தபோது "அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு, அந்த நீலப் பை எங்கே?" என்று கேட்டீர்கள். பை கிடைத்துவிட்டது.

அப்புறம் ஒரு மூடி மட்டும் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. நடுத்தர அளவு, கைப்பிடி கொஞ்சம் ஆடும். என் மனைவியிடம் காட்டினேன்; திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவளுக்கும் தெரியவில்லை என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கொண்டுவந்து வாசலில் செருப்பு விடுகிற இடத்துக்கு மேலே உள்ள திண்ணையில் வைக்கிறேன். உங்களுடையதா என்று பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.