ரங்கூனிலிருந்து சென்னைக்கு எத்தனை மணி நேரம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரங்கூனுக்கும் சென்னைக்கும் ஏறக்குறைய 1,770 கிலோமீட்டர், விமானத்தில் இரண்டரை மணி நேரம் என்று உங்கள் பயணப் பகுதியில் போட்டிருந்தீர்கள். நேராகப் பறந்தால் கணக்கு சரிதான். நமக்கு வேண்டிய நாளில் நேர் விமானம் இருக்க வேண்டுமே!

சிவகங்கைப் பக்கம் என் மாமா இறந்துபோனார். 1964இல் இங்கே பர்மாவில் கடைகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு கப்பலேறிப் போன குடும்பம் அது. பதினாறாம் நாள் காரியத்துக்காவது தம்பி வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்று அம்மா கிளம்பினார். வயது 78, சர்க்கரை வேறு. டிக்கெட் போட்டுக் கொடுத்தவர், "பாங்காக்கில் மாறினால் போதும், பக்கம்தான்" என்றார். நானும் நம்பி ஒரு வேளைக்கு மட்டும் புளிச்சோறு கட்டினேன்.

காலை 6 மணிக்கு மிங்கலாடோன் விமான நிலையத்துக்குக் கிளம்பினோம். சென்னை மேற்கே இருக்கிறது, நாங்கள் பறந்ததோ தென்கிழக்கே. பாங்காக்கில் பகல் முழுக்க நாற்காலியில் கிடந்து, இரவு ஏறி, தவாய்க்குத் தெற்கே பர்மாவுக்கு மேலேயே திரும்பப் பறந்து, சென்னையில் இறங்கும்போது 12.10. அம்மாவின் கைக்கடிகாரத்தில் 1.10. தூரம் ஏறக்குறைய 2,800 கிலோமீட்டர் ஆகிவிட்டது, வீட்டை விட்டு 19 மணி நேரம். அதற்கப்புறம் வேனில் விடிய விடியப் பயணம்.

நேரக் குழப்பம் இன்னொன்று. பாங்காக் நமக்கு அரை மணி முன்னால், சென்னை ஒரு மணி பின்னால். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். ரங்கூனில் 10 மணிக்குப் புறப்பட்டு நேராகச் சென்னையில் 11.30க்கு இறங்கும் விமானம் ஒன்றரை மணி நேரம் பறக்கிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பறப்பது இரண்டரை மணி நேரம்.

அம்மா மாலை 7 மணிக்குச் சாப்பாட்டோடு மாத்திரை போடுபவர். பாங்காக்கில் சுவர்க் கடிகாரம் ஏழரை காட்டியதும், நேரம் தப்பிவிட்டதே என்று பதறி வெறும் வயிற்றில் போட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் முகமெல்லாம் வேர்த்தது. சேலைத் தலைப்பைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கின. ஊருக்குக் கொண்டுபோன பனைவெல்லத்தில் ஒரு கட்டியை வாயில் வைத்தேன். அது கரைந்த பிறகுதான் பேச்சு வந்தது.

மாமா கப்பலேறியபோது மூன்று நாலு நாள் ஆகும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்களாம். அதற்குத் தகுந்தபடி அம்மாதான் அவல் இடித்துக் கட்டிக் கொடுத்தாராம்.

ஆகவே, பறக்கும் நேரத்தைப் போடும்போது பாங்காக் வழி, கல்கத்தா வழி போனால் வீட்டிலிருந்து வீடு சேர எவ்வளவு ஆகும் என்பதையும், ஊருக்கு ஊர் நேர வித்தியாசத்தையும் சேர்த்துப் போடுங்கள். மருந்து சாப்பிடுகிற பெரியவர்கள் கண்ணில் படும்படி பெரிய எழுத்தில் இருக்கட்டும். மாமாவின் தலைத்திவசத்துக்கும் போக வேண்டும் என்கிறார் அம்மா. அதற்குள் வந்தால் எங்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ரங்கூன் வாசகி ஒருவர்