இருநூறு நிமிடங்களும் ஒரு டிவிடியும்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். பழைய வீடியோ கேசட்டுகளைக் கணினியில் ஏற்றி முடித்துவிட்டீர்கள் என்பதறிந்து மகிழ்ந்தேன். பாதியில் விட்டுவிடுவீர்கள் என்றே நினைத்திருந்தேன். 200 நிமிடப் பதிவைத் தரம் குறையாமல் ஒரே டிவிடியில் அடக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். டிவிடிக்குரிய படச் சுருக்க வடிவமான எம்பெக்-2 ஆகச் சுருக்கும்போது எதையாவது இழக்கத்தான் வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை இழப்பதில்தான் நம் சாமர்த்தியம் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி, அதாவது, ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்ற கணக்கில், 37,600 மெகாபிட். அதை 12,000 விநாடிகளுக்குப் பங்கிட்டால் விநாடிக்கு 3.1 மெகாபிட்தான் தேறும். ஒலியைச் சுருக்காமல் பிசிஎம் வடிவிலேயே விட்டால் அது மட்டும் 1.5 மெகாபிட்டை விழுங்கிவிடும் என்பதால், ஏசி3 என்ற சுருக்கிய ஒலி வடிவில் விநாடிக்கு 192 கிலோபிட்டுக்குக் கொண்டுவாருங்கள். கேசட்டின் ஒலிக்கு அது தாராளம். தட்டின் வெளி விளிம்பில் கோளாறுகள் எளிதில் தலைகாட்டுவதால் அங்கே சிறிது காலியாக விட்டு, படத்துக்கு 2.8 மெகாபிட் ஒதுக்குங்கள்.

என் முதல் முயற்சியில் இதே அளவை எல்லா விநாடிக்கும் மாறாத வீதமாகக் கொடுத்துவிட்டேன். ஒருவர் நாற்காலியில் அமர்ந்து பேசும் காட்சி தெளிவாகவே இருந்தது. மழையில் மரம் அசைந்ததும் இலைகளெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்தன. பேசுகிறவருக்கு வீணாகக் கொடுத்த பிட்டுகளை மரத்துக்குக் கொடுத்திருக்க வேண்டும். இரண்டு சுற்றாக, மாறும் வீதத்தில் சுருக்கினால், முதல் சுற்றில் முழுப் படத்தையும் அளந்துகொண்டு இரண்டாவதில் மென்பொருளே அப்படிப் பங்கிட்டுவிடும். நேரம் பிடிக்கும், இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போய்விடுங்கள்.

பலர் தயங்கும் இடம் படத்தின் அளவு. விஎச்எஸ் கேசட்டில் கிடைமட்ட நுணுக்கம் ஏறத்தாழ 240 கோடுகள்தான். ஆகவே, பால் (PAL) எனும் தொலைக்காட்சி முறைப் பதிவானால், 720×576 புள்ளிகள் என்பதை 352×576 ஆக்கலாம். டிவிடி விதிகள் அதை அனுமதிக்கின்றன, அகலத்தைச் சரியாக விரித்துக்காட்டுவது பிளேயரின் வேலை. உயரத்தை மட்டும் தொடாதீர்கள்: ஒற்றைப்படை, இரட்டைப்படை வரிகள் தனித்தனியே அடுத்தடுத்த கணங்களில் பதிவானவை, உயரத்தை மாற்றினால் அவை கலந்து அசைவுகள் சீப்புப் பல்லாகிவிடும். படத்தில் மணல் தூவியதுபோல் நெளியும் புள்ளிகளை மென்மையான வடிகட்டியால் குறைத்துவிடுங்கள். ஒவ்வொரு படச் சட்டத்திலும் (frame) மாறும் அவற்றை அசைவென்றே எண்ணி மென்பொருள் பிட்டுகளைச் செலவழிக்கும். அடிவிளிம்பில் கிழிந்தாற்போல் துடிக்கும் சில வரிகளையும் கறுப்பால் மறைத்துவிடலாம்.

டிஜிட்டல் கேமராவில் எடுத்த பதிவாக இருந்தால் இந்தச் சிக்கனம் வேண்டாம். இரண்டு தட்டுகளாகப் பிரிப்பேன், அல்லது 8.5 ஜிபி இரட்டை அடுக்குத் தட்டு வாங்குவேன்.

தட்டில் எழுதுமுன், தண்ணீரோ கூட்டமோ வரும் ஐந்து நிமிடத்தை மட்டும் வெட்டிச் சுருக்கி, பெரிய தொலைக்காட்சியில் பாருங்கள். கட்டங்கள் தெரிகின்றனவா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அதுவரை மூலக் கோப்பை அழித்துவிட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்