சிவனொளிபாதமலை: ஏறுவதை விட இறங்குவதே பாடு

ஆசிரியர் அவர்களுக்கு,

உந்துவப் போயா (டிசம்பர்ப் பௌர்ணமி) முதல் வெசாக் (மே மாதப் பௌர்ணமி) வரை கொழும்பிலிருந்து சிவனொளிபாதமலைக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். 2,243 மீற்றர் உயரம், நல்லதண்ணிப் பாதையில் 5,000க்கும் மேற்பட்ட படிகள். காலிமுகத்திடலின் சமதரையில் நடந்து பழகிய கால் இதற்குப் போதாது. இரண்டு வாரமாவது மாடிப்படி ஏறி இறங்கிப் பழகுங்கள்.

பலர் இரவு பத்து மணிக்கே ஏறத் தொடங்கி, உச்சியில் வியர்வையில் ஊறிய சட்டையோடு விடியும் வரை நடுங்குகிறார்கள். சாதாரண நடைக்கு மூன்று, நான்கு மணித்தியாலம் போதும். அதிகாலை இரண்டு மணிக்குப் புறப்பட்டால் சூரியோதயத்தைப் பிடிக்கலாம். போயா, வார இறுதி இரவுகளில் கடைசிப் படிகளில் வரிசை நகராது. அன்று முன்கூட்டியே கிளம்புவதுதான் சரி, இல்லாவிட்டால் வேறு நாளில் போங்கள். மாற்றுச் சட்டையும் ஸ்வெட்டரும் பையில் கட்டாயம். சட்டையை உச்சிக்குச் சற்று முன்பே மாற்றிவிடுங்கள், மேலே காற்று விடாது. கிழக்கே சூரியனைப் படம் எடுத்ததும் மேற்குப் பக்கம் திரும்புங்கள்: மலையின் முக்கோண நிழலைப் பாதிப்பேர் பார்ப்பதே இல்லை!

முழங்கால் பிடிப்பது இறங்கும்போதுதான். படிகள் ஒரே உயரமில்லை. ஒவ்வோர் அடியிலும் உடல் பாரத்தைத் தொடைத்தசை தாங்கி நிறுத்த வேண்டும், அது களைத்ததும் கால் தானாக நடுங்கும். ஓடி இறங்காதீர்கள். முழங்காலைச் சற்று மடித்து, பெரிய படிகளில் பக்கவாட்டாக இறங்குங்கள். பாட்டா செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள சப்பாத்துப் போடுங்கள். ஒருவருக்கு ஒரு லீற்றர் தண்ணீரும் ஒரு ஜீவனிப் பக்கெற்றும் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புக் கரைசல் தூள்) போதும், வழியில் தேநீர்க் கடைகள் உண்டு.

பருவம் முடிந்தால் பாதை விளக்கும் இல்லை, கடையும் இல்லை. மழையும் அட்டையும்தான். அப்போது டோர்ச் இல்லாமல் படியில் கால் வைக்கவே வேண்டாம்.

மலையேறும் நண்பர்கள் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.