ஏன் தாமதம் என்று கேட்டாயா?

அன்புள்ள கண்ணா,

ஞாயிற்றுக்கிழமை நீயும் அப்பாவும் போனில் மல்லுக்கட்டியபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். விழுந்த விலையில் அந்தப் பங்கை இன்னும் வாங்க வேண்டும் என்று நீ, இருப்பதையும் விற்றுத் தொலை என்று அவர். நடுவில் ஒரு வார்த்தை பேச இரண்டு பேரும் எனக்கு இடம் விடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ பங்கு வாங்கிய கம்பெனியின் பெயரை இங்கே எழுதி உன் புண்ணைக் கிளறப் போவதில்லை. புது சர்வர் ப்ராசசர் இரண்டு காலாண்டு தள்ளிப்போகிறது என்றார்கள், மறுநாளே பங்கு சரிந்தது, அவ்வளவுதானே? ஒரு மணி நேரப் பேச்சில் எத்தனை மாதம், எத்தனை சதவீதம் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். ஏன் தாமதம் என்று ஒருவரும் கேட்கவில்லை. 22 வருடம் சர்க்யூட் போர்டுகளைச் சோதித்தே காலத்தை ஓட்டியவளுக்கு அதுதான் உறுத்தியது.

சில தாமதங்களுக்குக் காரணம் சிப்பின் வரைபடத்தில் வரும் பிழை. 2007-இல் ஏஎம்டி என்ற சிப் கம்பெனியின் பார்சலோனா சர்வர் சிப் வெளிவந்த கையோடு அதில் ஒரு கோளாறு தெரிந்தது. அனுப்புவதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டு, திருத்திய சிப்பை 2008 வசந்தத்தில் கொடுத்தார்கள். 2024-இல் என்விடியாவின் பிளாக்வெல்லுக்கும் இதே மாதிரிதான். சிப்பின் வடிவத்தைப் பதிக்கும் அச்சான மாஸ்க்கை மாற்ற வேண்டி வந்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் உற்பத்தி சூடுபிடித்துவிட்டது. பிழை எங்களுடையதுதான் என்று என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங்கே ஒத்துக்கொண்டார். எங்கே தப்பு என்று கண்டுபிடித்துவிட்டால் இந்த வகைக்கு ஒரு முடிவு தேதி சொல்லலாம்.

மற்றது தயாரிக்கும் முறையிலேயே இருக்கும் சிக்கல். அதற்குத் தேதி சொல்பவர்களை நான் நம்புவதில்லை. இன்டெலின் 10 நானோமீட்டர் என்ற தயாரிப்புத் தலைமுறையை எடுத்துக்கொள். 2016 வாக்கில் வந்திருக்க வேண்டியது, கடைகளில் தாராளமாகக் கிடைத்தது 2019-இல். முந்தைய தலைமுறையைப் போல் 2.7 மடங்கு நெருக்கமாக டிரான்சிஸ்டர்களை அடுக்குவது என்று இலக்கு வைத்தார்கள். அதையும் மிக நுண்ணிய கோடுகளைப் பதிக்கும் புதிய ஈயூவி ஒளி இல்லாமல், பழைய ஒளியை வைத்தே ஒரே அடுக்கைப் பல தடவை பதித்துச் செய்யப் பார்த்தார்கள். எங்கள் லைனில் யீல்டு என்று ஒரு பேச்சு உண்டு, செய்ததில் எத்தனை தேறுகிறது என்ற கணக்கு, விளைச்சல் என்றே வைத்துக்கொள்ளேன். ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு 99 தேறுகிறது என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். அப்படி 100 படிகள் தாண்டினால் கடைசியில் நூற்றுக்கு 37 கூட மிஞ்சாது. நீயே கால்குலேட்டரில் போட்டுப் பார். சிப்புக்கோ நூற்றுக்கணக்கான படிகள். இந்த மாதிரிச் சிக்கலை ஓரிடத்தில் சரி செய்தால் இன்னோர் இடத்தில் தலை தூக்கும்.

உன்னைப் போல் 'இன்னும் வாங்கு' என்ற கட்சிக்காரர்கள் விழுந்தது இங்கேதான். இன்டெல் தவித்துக்கொண்டிருந்த அதே 2018, 2019, 2020-இல் அதன் வருமானம் ஏறிக்கொண்டே போனது! கிட்டத்தட்ட 71 பில்லியன் டாலர், 72, அப்புறம் 78. பழைய 14 நானோமீட்டர் சிப்புகளையே மெருகேற்றி மெருகேற்றி விற்றார்கள், வாங்குகிறவர்களும் வாங்கினார்கள். "தாமதமாம் தாமதம், லாபத்தைப் பார்" என்று சொல்ல அன்று எல்லாக் காரணமும் இருந்தது. 2020 ஜூலையில் அடுத்த தலைமுறையும் தள்ளிப்போகிறது என்று சொன்ன மறுநாள் பங்கு சுமார் 16 சதவீதம் விழுந்தது, போட்டியாளரான ஏஎம்டி ஏறக்குறைய அதே அளவு ஏறியது. வருமானத்தில் அடி விழுந்தது அதற்கும் பின்னால்தான். 2023-இல் 54 பில்லியன். 2024 ஆகஸ்டில் ஈவுத்தொகையை நிறுத்துகிறோம், ஆட்களைக் குறைக்கிறோம் என்றதும் ஒரே நாளில் 26 சதவீதம் சரிவு. சர்வர் வாங்குகிறவன் இன்று கோபித்துக்கொண்டு இன்றே மாறுவதில்லை. சோதித்துப் பார்த்து, மென்பொருளை ஓட்டிப் பார்த்து, மெதுவாக மாறுவான். மாறிவிட்டால் திரும்பி வரவும் அவனுக்கு அதே அளவு காலம் வேண்டும்.

நானும் இதில் கை சுட்டவள்தான், உனக்குச் சொன்னதில்லை. நாங்கள் தினமும் சோதித்த பாகங்களைச் செய்த ஒரு கம்பெனியின் பங்கை வாங்கினேன். பொருள் நல்ல பொருள், அது எனக்கே தெரியும் என்ற தெம்பு. அடுத்த மாடல் தள்ளிப்போனது, விலை இறங்கியது, இன்னும் வாங்கி ஆவரேஜ் செய்தேன், அதாவது என் சராசரி வாங்கிய விலையைக் குறைத்தேன். மறுபடி தள்ளிப்போனது, மறுபடி வாங்கினேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர்களுடைய பழைய பொருள். அடுத்ததைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? கடைசியில் பாதிக்கும் கீழே விற்றேன். அப்பாவுக்கு இந்தக் கணக்கு முழுதாகத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

அதற்காக அப்பா சொல்வதே சரி என்று எடுத்துக்கொள்ளாதே. 2015-இல் ஏஎம்டி பங்கு 2 டாலருக்கும் கீழே கிடந்தது. விற்றுத் தொலை என்று சொல்ல அதைவிட நல்ல பங்கு கிடைத்திருக்காது. முந்தைய ஆண்டுதான் லிசா சூ தலைமைக்கு வந்திருந்தார். 2017-இல் ரைசன் என்ற அவர்களுடைய புது ப்ராசசர் வந்தது, 2021-இல் பங்கு 100 டாலரைத் தாண்டியது. அவர்கள் 2009-லேயே தொழிற்சாலைகளைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். அதனால் பின்னாளில், மற்றவர்களுக்காகச் சிப் செய்து கொடுக்கும் தைவானின் டிஎஸ்எம்சியிடம் போய் 7 நானோமீட்டரில் செய்துகொள்ள முடிந்தது. சொந்தத் தொழிற்சாலையைக் கட்டிக்கொண்டு நிற்பவனுக்கு அது அவ்வளவு சுலபமில்லை.

ஆகவே நீ எனக்கு ஒன்று செய். தாமதத்தை அறிவித்த அன்று முதலீட்டாளர்களோடு பேசியிருப்பார்களே, அதன் எழுத்துப் பிரதி கிடைக்கும். கேள்வி பதில் பகுதியை மட்டும் படி. தாமதத்துக்குக் காரணம் கேட்டபோது நேராகச் சொன்னார்களா, சுற்றி வளைத்தார்களா? சிப்பை யார் தயாரிக்கிறார்கள்? யீல்டு என்ற சொல் எத்தனை தடவை வந்தது? எண்ணி எனக்கு எழுது. அதுவரை வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

அப்பா கேட்டால் உடம்பை விசாரித்து எழுதினேன் என்று சொல். அதையும் விசாரித்துவிடுகிறேன்: ராத்திரி எல்லாம் பங்கு விலையைப் பார்த்துக்கொண்டு விழித்திருக்கிறாயாமே, உன் தங்கை சொன்னாள்.

அன்புடன்,
அம்மா